மாப்பிள்ளையைக் காணோம்

எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். அவருக்கு நாலு கால், ஒரு வால். வாழைப்பழம் என்றால் உயிர். தோலோடு தின்பார்.

சிரிக்காதீர்கள். மாப்பிள்ளை என்பது எங்கள் வெள்ளைக் குதிரையின் பெயர். எங்கள் ஊர் மருதமுனையில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குச் சுமந்து போவது இந்தக் குதிரைதான். என் வாப்பா மக்கீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். “மாப்பிள்ளைக் குதிரை, மாப்பிள்ளைக் குதிரை” என்று ஊரார் சொல்லிச் சொல்லி, கடைசியில் ‘குதிரை’ தேய்ந்துபோய் ‘மாப்பிள்ளை’ மட்டும் மிஞ்சிவிட்டது. அப்படிப் பெயர் வந்த பிறகு அவரை ‘அவன், இவன்’ என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

நான் பஸ்னா. ஆறாம் தரம் படிக்கிறேன். என் தம்பி பர்ஸானுக்கு ஐந்து வயது. அவனுக்குக் காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. கையாலும் கண்ணாலும்தான் கதைப்பான். வாப்பாவும் உம்மாவும் நானும் அவனிடம் கையால் கதைக்கப் பழகிவிட்டோம். விளங்காதவர்களைப் பார்த்தால் அவன் தன் தலையில் அடித்துக்கொள்வான்.

அவன் போகும் சின்ன வகுப்பில் அவனைப் போல இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் காதில் மாட்டுகிற மிஷின் வாங்கவேண்டும் என்று நஸ்லா டீச்சர் இரண்டு வருடமாக அலைந்தார். கொஞ்சம் காசு சேர்ந்தது. மிச்சம் சேரவே இல்லை.

ஒருநாள் வாப்பா மாப்பிள்ளைக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னார்.

“நான் இவர்ல ஏறிப் பொத்துவில் மட்டும் போகப் போறன். போற ஊரெல்லாம் புள்ளையளுக்காகக் கேக்கப் போறன்.”

“பொத்துவிலுக்கா?” உம்மா கையில் இருந்த அகப்பையோடு வெளியே வந்துவிட்டார். “எழுவது கிலோமீற்றர்! இடையில யானக் காடு! உங்களுக்கென்ன விசரா?”

“விசர்தான்” என்றார் வாப்பா.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே உள்ள கடைக்காரர்கள் போனில் சிரித்தார்களாம்.

“கல்யாணக் குதிர பொம்புள வீட்டு வாசலத் தாண்டிப் போகுமா? வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி எங்கட ஊருக்கு வந்து சேரட்டும். மிச்சக் குறையெல்லாம் நாங்க நிரப்புறம்.”

வாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே உம்மா ஒரு சாக்கில் துணிமணிகளைக் கட்டத் தொடங்கினார். ஏசிக்கொண்டேதான் கட்டினார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு புதன்கிழமை காலை கிளம்பினோம். வாப்பா மாப்பிள்ளை மேல். பின்னால் வாப்பாவின் தம்பி நளீம் சாச்சாவின் ஓட்டோ. அதற்குள் உம்மா, பர்ஸான், நான், ஒரு வாளி, ஒரு கட்டுப் புல், ஒரு பெரிய உண்டியல்.

மாப்பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாக்கைச் சுழற்றிப் பலமாக ஒரு குரவை போட்டேன். கல்யாண வீட்டில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போடுவார்களே, அதே குரவை.

மாப்பிள்ளை சட்டென்று நின்றுவிட்டார். நின்றவர் நின்றவர்தான். வாப்பா தட்டினார், தடவினார், கெஞ்சினார். அசையவில்லை. ஊரே சிரித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்த பிறகுதான் நடந்தார்.

உம்மா என் காதைப் பிடித்தார். “பயணம் போற நேரத்துல நிப்பாட்டிப் போட்டியே! நடு ரோட்டுல குரவ போட்டா, ஆருக்குக் கல்யாணம் எண்டு கேக்க மாட்டாங்களா? இனி வாயத் திறக்கப்படாது!”

நான் வாயைத் திறக்கவில்லை.

முதல்நாள் நன்றாகவே போனது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வழியெல்லாம் சனம். அட்டாளைச்சேனையில் ஒருவர் ஒரு முழு வாழைக்குலையையே மாப்பிள்ளையின் காலடியில் வைத்தார். எல்லோரும் உண்டியலில் போட்டார்கள். இரவு அக்கரைப்பற்றில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம்.

வியாழக்கிழமைதான் வந்தது வினை.

திருக்கோவிலைத் தாண்டியதும் பஸ்கள் பின்னால் வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தன. மாப்பிள்ளை மிரண்டு மிரண்டு நடந்தார். “உள்ளால போவம். கிறவல் ரோட்டு ஒண்டு இரிக்கி” என்று வாப்பா பாதையை மாற்றினார்.

சரளைக்கல் போட்ட அந்த ரோட்டில் ஆட்களே இல்லை. இரண்டு பக்கமும் புதர் மண்டிய பற்றைக் காடு. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ரோட்டின் நடுவே பெரிது பெரிதாக யானை லத்தி கிடந்தது. உம்மா அதைப் பார்த்துவிட்டு ஓதத் தொடங்கினார். நானும் கூடவே ஓதினேன்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் ஒரு சின்னக் குளத்தின் பக்கத்தில் நின்றோம். குளத்துக்கு இந்தப் பக்கம் விளைந்த வயல், அதன் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு காவல் வாடி. அந்தப் பக்கம் அடர்ந்த காடு.

வாப்பா கயிற்றை என் கையில் தந்தார். “நாங்க தொழுதிட்டு வாறம். என்ன நடந்தாலும் கயித்த விட்டுராத மகள்.”

“ஓம் வாப்பா.”

வாப்பாவும் சாச்சாவும் குளத்தில் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்துவிட்டு மரத்தடியில் தொழ நின்றார்கள். உம்மா ஓட்டோவுக்குப் பின்னால் தொழுதார். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தேன். உண்மையாகவே இறுக்கித்தான் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் பர்ஸான் குளத்தில் கொக்குகளைக் கண்டான். கையில் பாதி தின்ற வாழைப்பழத்தோடு தண்ணீரை நோக்கி ஓடினான்.

“பர்ஸான்! நில்லு!”

கூப்பிட்டால் கேட்கிற பிள்ளையா அவன்? கரை சரிவாக இருந்தது. தண்ணீர் எவ்வளவு ஆழமோ தெரியாது. நான் என்ன செய்வேன்? கயிற்றை ஓட்டோவின் பக்கக் கண்ணாடியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடினேன். தண்ணீருக்கு இரண்டடி இருக்கும்போது அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

‘டமார்!’

குளத்துத் தண்ணீரே நடுங்கியது. கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். பர்ஸான் மட்டும் அசையவில்லை. ‘கொக்குகள் ஏன் போகின்றன?’ என்று கையால் கேட்டான்.

திரும்பிப் பார்த்தேன். ஓட்டோ நின்றது. கண்ணாடி இல்லை. கயிறு இல்லை. மாப்பிள்ளையும் இல்லை.

தொழுகை முடிந்து வாப்பா ஓடி வந்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். வாப்பா ஏசவில்லை. பர்ஸானின் தலையைத் தடவினார். பிறகு காட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது.

நளீம் சாச்சா வயல் வரம்பில் ஓடிக்கொண்டே கத்தினார். “மாப்பிள்ள! மாப்பிள்ளேய்!”

வாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். தலையில் துவாய், கையில் தீப்பெட்டி. அவர்தான் அந்த வயலின் சொந்தக்காரர், பூபாலசிங்கம் மாமா.

“தம்பி, நில்லுங்க. ஆரு மாப்பிள்ள? என்ன நடந்த?”

“ஓடிட்டாரு அண்ணன்! வெடிச் சத்தம் கேட்டு ஓடிட்டாரு!”

“ஐயோ கடவுளே! பொம்புளப் பக்கத்து ஆக்களுக்கு அறிவிச்சாச்சா?”

“எந்தப் பொம்புள?”

“கலியாணம் எப்ப எண்டு கேக்கன்.”

“கல்யாணமா? அவர் இருநூறு கல்யாணம் பாத்தவரு அண்ணன்!”

பூபாலசிங்கம் மாமாவின் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. “இருநூறா! அவன ஏன் தேடுறீங்க? ஓடட்டும் விடுங்க!”

வாப்பா வந்து விளக்கிச் சொன்னார். வெள்ளை நிறம், நாலு கால், கழுத்தில் மணி, கயிற்றில் ஓட்டோக் கண்ணாடி.

மாமாவின் முகம் வாடிவிட்டது. “என்ட வெடிதான் அது. வயலுக்க யான இறங்கப் பாத்திச்சி. யான வெடி ஒண்டு போட்டன். நீங்க நிக்கிறது தெரியா தம்பி.”

“கல்யாணத்துல எத்தனை சீனவெடி கேட்டவரு. ஒரு நாளும் ஓடின இல்ல” என்றார் வாப்பா.

“சீனவெடி வேற, யான வெடி வேற.” மாமா வானத்தைப் பார்த்தார். “ஆறு மணிக்கு முந்திப் பிடிக்கணும். பொழுது பட்டா யானையள் தண்ணிக்கு வரும். அதுக்குப் பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் நிக்க ஏலா.”

அப்போது மணி நாலரை.

மாமாவின் மனைவி செல்லத்தங்கம் மாமி எங்களை வாடிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். எனக்கு இறங்கவில்லை. நாளைக்கு ஜும்ஆவுக்கு முன்னால் பொத்துவில் போக வேண்டும். குதிரை இல்லாமல் எதில் போவது? பதினொரு பிள்ளைகளுக்கும் மிஷின் எப்படி வரும்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. மாப்பிள்ளை யானையைக் கண்டதே இல்லை. இரவில் காட்டுக்குள் அவர் என்ன செய்வார்?

“என்னாலதான் உம்மா” என்றேன்.

“நீ கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிண்டிருந்தா, இவன் எங்க இரிப்பான்?” உம்மா பர்ஸானை மடியில் இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமா பாதையில் கிடந்த ஓட்டோக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு சிறு வெடிப்பு. அழுது வீங்கிய என் மூஞ்சி அதில் இரண்டாகத் தெரிந்தது.

“அந்தா!” என்று சாச்சா கத்தினார்.

குளத்தின் அந்தப் பக்கம், காட்டு ஓரத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. மாப்பிள்ளைதான்! எனக்கு உயிர் வந்தது.

வாப்பா குளக்கட்டு வழியாக மெல்ல மெல்லப் போனார். “மாப்பிள்ள, வாங்க வாப்பா, வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். கிட்டே போனதும் மாப்பிள்ளை துள்ளி விலகினார். சாச்சா மறுபக்கத்தால் ஓடினார். இன்னும் விலகினார். மாமாவின் கூட்டாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்தார். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை காட்டுக்குள் பாதி நுழைந்தே விட்டார்.

ஐந்தரை மணி. சூரியன் மரங்களின் தலையைத் தொட்டது. காட்டுக்குள் எங்கேயோ ‘சடக்’ என்று ஒரு கிளை முறிந்தது.

செல்லத்தங்கம் மாமி என் உம்மாவின் தோளைத் தொட்டார். “தங்கச்சி, யான வரத் தொடங்கிட்டுது. ஆம்பிளையளத் திரும்பி வரச் சொல்லுங்க. குதிர போனாப் போகட்டும், உசிர் முக்கியம்.”

உம்மா அழத் தொடங்கினார்.

நான் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று விளங்கியது. வாப்பா கத்துகிறார், சாச்சா கத்துகிறார், மோட்டார் சைக்கிளும் கத்துகிறது. ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் பத்தடி தூரம் போகிறார். சும்மா விட்டால் நின்று இந்தப் பக்கமே பார்க்கிறார். அவருக்கும் எங்களிடம் வரத்தான் ஆசை. பயம் விடவில்லை.

பயப்படாமல் அவர் தானாகவே வந்து நிற்கிற இடம் எது?

எனக்குத் தெரியும். பெண் வீட்டு வாசல். கல்யாண நாளில் பெண்கள் வாசலில் நின்று குரவை போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் போதும். வாப்பா கயிற்றை விட்டால்கூட அவர் நேராக வாசலுக்குப் போய், தலையைக் குனிந்து, ஆடாமல் அசையாமல் நிற்பார். மேலே இருக்கிற கல்யாண மாப்பிள்ளை இறங்குவார். பெண் வீட்டுக்காரர் குதிரைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். இருநூறு கல்யாணத்திலும் அப்படித்தான்.

“உம்மா, நான் குரவ போடட்டா?”

உம்மா திகைத்துப்போனார். “இப்பவா? குதிர காணாமப் போன இடத்துலயா? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் எங்க உம்மா இரிக்கி? காடுதானே இரிக்கி!”

செல்லத்தங்கம் மாமி சிரித்துவிட்டார். நான் நினைத்ததை அவசர அவசரமாகச் சொன்னேன்.

“வாப்பா கூப்பிட்டே வராதவரு, நீ கூப்பிட்டா வருவாரா?”

“வாப்பாட குரல்ல பயம் இரிக்கி உம்மா. அவருக்கு அது விளங்குது.”

உம்மா என்னைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். “சரி, போடு” என்றார்.

“முதல்ல எல்லாரும் சத்தம் போடுறத நிப்பாட்டணும்.”

பூபாலசிங்கம் மாமா ஓடிப்போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சாச்சாவையும் கூட்டி வந்துவிட்டார். ஆனால் வாப்பா குளத்துக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளைக்குக் கிட்டே நிற்கிறார். கத்திச் சொன்னால் மாப்பிள்ளை மிரளுவார். போனும் இல்லை. எப்படிச் சொல்வது?

நான் பர்ஸானைத் தூக்கிக் குளக்கட்டின் மேல் நிறுத்தினேன். அவனிடம் கையால் சொன்னேன். அவன் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கையையும் பெரிதாக வீசி வாப்பாவைக் கூப்பிட்டான். வாப்பா திரும்பினார்.

பர்ஸான் கைகளால் சொன்னான்: ‘வாப்பா. இருங்க. சத்தம் வேணாம்.’

வாப்பா தயங்கினார்.

பர்ஸானுக்குக் கோபம் வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டான். மீண்டும் சொன்னான்: ‘இருங்க!’

அவ்வளவு தூரத்திலும் வாப்பாவுக்கு விளங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் அமைதி. நான் வாடியின் கடப்புக்கு வந்தேன். இரண்டு கம்பு நட்ட ஒரு சின்ன வாசல் அது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

‘ல்... ப்ஸ்...’

சத்தமே வரவில்லை. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி முயன்றேன். காற்றுத்தான் வந்தது. பயந்த வாயில் குரவை வராது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கண்ணீர் முட்டியது. சூரியன் பாதி இறங்கிவிட்டது. காட்டுக்குள் மறுபடியும் ‘சடக்.’

யாரோ என் பாவாடையை இழுத்தார்கள். பர்ஸான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குரவை போடும்போதெல்லாம் அவன் என் நாக்கைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்குக் குரவை என்றால் நாக்கு ஆடுவதுதான். இப்போது என் நாக்கு ஆடவில்லை. எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, தன் நாக்கை வெளியே நீட்டி, கண்ணை உருட்டிக்கொண்டு, இப்படித்தான் என்று ஆட்டு ஆட்டென்று ஆட்டிக் காட்டினான். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. எச்சில்தான் பறந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. சிரித்த சிரிப்பில் வாய் ஈரமாகியது.

அந்தச் சிரிப்போடேயே நாக்கைச் சுழற்றினேன்.

‘உலுலுலுலுலுலு!’

வந்தது! மாப்பிள்ளையின் காது இரண்டும் எழும்பி நின்றன.

ஆனால் என் குரல் சின்னக் குரல். காற்று அதைப் பிய்த்துப் போட்டது. மாப்பிள்ளை ஒரு அடி வைத்தார், நின்றார்.

“தள்ளு புள்ள” என்று செல்லத்தங்கம் மாமி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “கண்ணகி அம்மன் கோயில்ல நான் குரவ போட்டா அடுத்த ஊருக்குக் கேக்கும். உங்கட கல்யாணத்துல போடுறதும் எங்கட கோயில்ல போடுறதும் ஒரே குரவதானே!”

மாமி போட்டார் பாருங்கள் ஒரு குரவை! வாடிக் கூரையில் இருந்த காகம் பறந்துவிட்டது. நான் சேர்ந்துகொண்டேன். மூன்றாவதாக இன்னொரு குரல் எங்களோடு சேர்ந்தது. மெல்லிய, இனிமையான குரல். திரும்பிப் பார்த்தேன். உம்மா! நடு ரோட்டில் குரவை போடக்கூடாது என்று காதைப் பிடித்த அதே உம்மா!

மாப்பிள்ளை வந்தார்.

ஓடி வரவில்லை. குளக்கட்டின் மேல், தலையை நிமிர்த்தி, மணி குலுங்கக் குலுங்க, கல்யாண ஊர்வலத்தில் நடக்கிற அதே நடையில் வந்தார். வாப்பாவைத் தாண்டியே வந்தார். வாப்பா அசையவில்லை. மூச்சுக்கூட விட்டாரோ தெரியாது.

“நிப்பாட்டாதீங்க” என்றேன். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்ற இருவரும் போட்டோம். எனக்குத் தொண்டை எரிந்தது. அவருக்குப் பின்னால் தூரத்தில், மரங்களுக்கு இடையில் கறுப்பாக ஒன்று அசைந்து தண்ணீரில் இறங்கியது. பிறகு இன்னொன்று. நான் அதைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் காதுகளை மட்டும் பார்த்தேன்.

கடப்புக்கு நேரே வந்து நின்றார். தலையைக் குனிந்தார். யாராவது இறங்குவார்கள் என்று காத்திருந்தார்.

இப்போது வாழைப்பழம் வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிவிடுவாரோ? வாழைக்குலை ஓட்டோவில் இருந்தது. ஓட்டோ தூரத்தில் இருந்தது.

பர்ஸான் முன்னால் போனான். காற்சட்டைப் பையிலிருந்து அந்தப் பாதி வாழைப்பழத்தை எடுத்தான். நசுங்கி, கறுத்து, மண் ஒட்டி இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். மாப்பிள்ளை முகர்ந்தார். ஒரே வாயில் தின்றார்.

நான் கயிற்றை எடுத்து என் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

வாப்பா வந்து என்னையும் கயிற்றையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். அழுதார். வாப்பா அழுததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“ஏசிப் போடுங்க வாப்பா” என்றேன். “நீங்க பேசாம இருந்ததுதான் பயமா இரிந்திச்சி.”

“மெய்தான் மகள். எனக்கும் பயம். வாயத் திறந்தா அழுதிருவன் எண்டு பேசாம இருந்தன்.”

அந்த நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிள்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார்களே தவிர, குரவை எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. “குரவச் சத்தம் கேட்டிச்சே! ஆருக்குக் கலியாணம்?”

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செல்லத்தங்கம் மாமி சிரித்ததில் வாடியே ஆடியது.

நிற்க நேரம் இல்லை. பூபாலசிங்கம் மாமா உழவு இயந்திரத்தைக் கிளப்பி வெளிச்சத்தைப் போட்டு முன்னால் போனார். நடுவில் மாப்பிள்ளை. பின்னால் ஒற்றைக் கண்ணாடி ஓட்டோ. பிரதான வீதிக்கு வந்து கோமாரியை அடைந்து, இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பொத்துவில் தெரிந்தது. கடைக்காரர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தேன்.

உம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். “இன்னும் கொஞ்சத் தூரந்தான் இரிக்கி. நிப்பாட்டிப் போடாத!”

ஜும்ஆவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பர்ஸானின் காதில் மிஷின் வந்தது. நாங்கள் எல்லோரும் குசினி அடுப்புப் பக்கத்தில் அவனை ஆசையாகச் சுற்றி உட்கார்ந்தோம். அவனோ அழுதான். காகம் கத்தியதற்கு அழுதான். உம்மா மீன் பொரித்த சத்தத்துக்கு என் பின்னால் ஒளிந்தான். உலகத்தில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே! மிஷினைக் கழற்றிவிடப் பார்த்தான். ‘போதும்’ என்று கையால் சொன்னான்.

எனக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்ததை வேண்டாம் என்றுவிடுவானோ?

நான் அவன் முன்னால் உட்கார்ந்தேன். என் நாக்கைக் காட்டினேன். அவனுக்குத் தெரிந்த நாக்கு. மெல்ல, மிக மெல்லக் குரவை போட்டேன்.

பர்ஸான் அழுகையை நிறுத்தினான். கண் பெரிதாகியது. என் வாயைத் தொட்டுப் பார்த்தான். தன் காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் நாக்கை நீட்டி ஆட்டினான். எச்சில் பறந்தது. கூடவே, “லு... லு... லு” என்று சின்னதாக ஒரு சத்தமும் வந்தது.

உம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

பின்னால் வாளி ஒன்று உருண்டது. திரும்பிப் பார்த்தோம். குசினி வாசலில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குரவை யார் போட்டால் என்ன, அவருக்கு வாழைப்பழம் வந்தாக வேண்டும்.